கோயில் முற்றத்து மலைவேம்பு: பேவர் கல்லும் கூரையும் உடையாமல் இறக்கிய விதம்

தென்னாப்பிரிக்காவில் டர்பனுக்குப் பக்கத்தில் சேட்ஸ்வர்த்தில் நாங்கள் கும்பிடும் சின்னக் கோயிலின் முற்றத்தில் நின்ற மலைவேம்பைக் கடந்த ஜூலையில் இறக்கி முடித்தோம். மடப்பள்ளிக் கூரைக்கோ, பக்கத்து வீட்டுச் சுவருக்கோ ஒரு கீறல் இல்லை. முற்றத்தில் மட்டும் ஆறு பேவர் கல் போனது. சுவரும் கூரையும் கேபிளும் நெருக்கியடித்த இடத்தில் பெரிய மரத்தை வைத்துக்கொண்டு முழிப்பவர்களுக்கு உதவும் என்பதால், நடந்ததை வரிசையாக எழுதி வைக்கிறேன்.

இந்த மரத்தை இங்கே எல்லாரும் சிரிங்கா என்பார்கள். வேம்புக்குச் சொந்தம். அம்மன் பூசைக்கு வேப்பிலை கிடைக்காத நாட்டில் இதன் இலையைத்தான் கட்டுகிறோம். அதனால் 'வெட்டலாமா' என்ற பேச்சு நெடுநாள் இழுத்தது. ஆனால் மரம் வளர வளர மூன்று தொல்லை. வேர் முற்றத்துத் தரையைத் தூக்கிவிட்டது. காற்றடித்தால் கிளை ஒடிகிறது. மலைவேம்புக் கிளைக்கு வளைந்து கொடுக்கும் குணம் கிடையாது. பழந்தின்னி வௌவால்கள் பழத்தைத் தின்று சுவரெல்லாம் பூசி வைக்கின்றன. அரசாங்கத்தின் அயல் தாவரப் பட்டியலில் இது நகர்ப்புறத்தில் மூன்றாம் வகை. அதாவது நிற்கிற மரத்தை வைத்துக்கொள்ளலாம். புதிதாக நடவோ, கன்று கொடுக்கவோ விற்கவோ கூடாது. ஆக, வெட்டுவதற்குத் தடை எதுவும் இல்லை. உங்கள் மரம் உள்ளூர் இனமாக இருந்தால் கதை வேறு. நம் மகிழ மரத்துக்கு உறவான சிவப்பு மில்க்வுட் போன்றவை 1998 தேசிய வனச் சட்டத்தின் கீழ்ப் பாதுகாக்கப்பட்டவை. உரிமம் வாங்காமல் கிளையைக்கூடத் தொடாதீர்கள்.

முதல் வேலை அளவு எடுப்பது. நெஞ்சு உயரத்தில் டேப்பைச் சுற்றினால் 2.04 மீட்டர்; விட்டம் 65 செ.மீ. உயரத்துக்கு ஒரு சதுரத் தாளை மூலைவிட்டமாக மடித்து, முக்கோணத்தின் சாய்ந்த விளிம்பு வழியாக உச்சியைப் பார்த்தபடி பின்னால் நடந்தேன். உச்சி விளிம்பில் உட்கார்ந்த இடத்திலிருந்து மரத்தடிக்கு 14 மீட்டர். கண் உயரம் 1.6 மீட்டரைச் சேர்த்தால் 15.6.

இனிச் சுற்றுப்புறம். மேற்கே 2.2 மீட்டரில் மடப்பள்ளிச் சுவர். அதன் மேல் பழைய ஆஸ்பெஸ்டாஸ் கூரை. தெற்கே 3.2 மீட்டரில் பக்கத்து வீட்டின் பிரீகாஸ்ட் சுவர். தூணுக்கு நடுவே பலகை பலகையாகச் சொருகிய சுவர், ஒரு தட்டு தட்டினால் போதும். கிழக்கே 1.1 மீட்டரிலேயே பேவர் கல் தொடங்குகிறது, அதற்கு மேலே மண்டபத்துக்குப் போகும் ஏர்டாக் மின் கேபிள். வடக்கே மட்டும் 3 மீட்டர் அகலம், 7 மீட்டர் நீளத்தில் வெறும் மண். இனவாரியாக இடம் பிரித்த குரூப் ஏரியாஸ் சட்டத்தின் கீழ் மக்களை இங்கே கொண்டுவந்து குடியேற்றிய 1960களில் மனையைக் கணக்காக அளந்து கொடுத்துவிட்டார்கள். சேட்ஸ்வர்த்தில் எந்தப் பெரிய மரத்தை எடுத்தாலும் நெருக்கடி இதே மாதிரிதான் இருக்கும்.

15.6 மீட்டர் மரத்துக்கு 7 மீட்டர் இடம். அப்படியே சாய்ப்பது என்ற பேச்சுக்கே இடமில்லை. மேலிருந்து துண்டு துண்டாகத்தான் இறக்க வேண்டும். இதில் எனக்குப் பிடிபட்ட முக்கியமான விஷயம் ஒன்று: தரையில் எதைப் போட்டு மூடுவது என்பது இரண்டாவது கேள்வி. ஒவ்வொரு துண்டும் எங்கே வந்து உட்காரப் போகிறது, அதன் எடை என்ன என்பதுதான் முதல் கேள்வி. நான் கட்டட வேலையில் மேற்பார்வை பார்ப்பவன் என்பதால் ஒரு வரைபடம் போட்டு, கிளைகளுக்கு எண் கொடுத்து, ஒவ்வொன்றுக்கும் இறங்கும் இடத்தைக் குறித்தேன். மரம் ஏறுபவர் அதைப் பார்த்துவிட்டு நாலு எண்களின் வரிசையை மாற்றினார். அவர் மாற்றியதுதான் சரி.

ஆஸ்பெஸ்டாஸ் கூரை எங்களுக்குப் பெரிய கவலை. தென்னாப்பிரிக்காவில் 2008இல் ஆஸ்பெஸ்டாஸைத் தடை செய்துவிட்டார்கள். ஏற்கெனவே இருக்கும் கூரை இருக்கலாம். ஆனால் ஒரு தகடு உடைந்தாலும் நாமே பெருக்கி அள்ளிப் போட முடியாது, அதற்கென்று பதிவு செய்தவர்கள் வர வேண்டும். தூளை மூச்சில் இழுத்தால் நுரையீரலுக்கு ஆபத்து. சோறு வடிக்கும் இடத்தில் அந்த அபாயம் வேண்டவே வேண்டாம்.

விலை கேட்டதில் ஒருவர் 16,500 ராண்ட் சொன்னார், காப்பீட்டோடு. இன்னொருவர் 6,000, அரை நாளில் முடித்துவிடுவேன் என்றார். காப்பீடு பற்றிக் கேட்டதும் பேச்சை மாற்றினார். கடைசியில் மரம் ஏறுவதையே தொழிலாகச் செய்யும் ஒரு ஜூலு இளைஞரையும் அவருடைய உதவியாளரையும் அமர்த்திக்கொண்டோம். கயிறு, சேணம், மேலே அறுக்கும் சின்ன செயின்சா எல்லாம் அவருடையது. கீழ்வேலை முழுக்க எங்கள் பொறுப்பு. ஏறுவது எங்களைப் போன்றவர்கள் தொட வேண்டிய வேலை இல்லை. கையில் செயின்சாவோடு கயிற்றில் தொங்குவது வருடக்கணக்கில் பழகியவர்களுக்கே உரியது.

ஜூலையைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. குளிர்காலத்தில் மலைவேம்பு இலையை உதிர்த்துவிடும். எடை குறைகிறது, கிளை எங்கே பிரிகிறது, எங்கே பட்டுப்போயிருக்கிறது என்று தரையிலிருந்தே தெரிகிறது, மழையும் குறைவு. டர்பன் பக்கம் பிற்பகலில் வடகிழக்குக் காற்று ஏறும் என்பதால் காலை ஏழு மணிக்குத் தொடங்கிப் பதினொன்றரைக்குச் செயின்சாவை நிறுத்திவிடுவது என்று வைத்துக்கொண்டோம். மஞ்சள் பழங்கள் மட்டும் மரத்திலேயே நின்றன. அவை கல் மேல் விழுந்தால் கால் வழுக்கும், தின்றால் விஷம். பிள்ளைகளை அந்தப் பக்கம் விடாமல், அவ்வப்போது பெருக்கிக்கொண்டே இருந்தோம்.

மின் கேபிளுக்கு நகராட்சி மின்துறையில் முன்கூட்டியே எழுதிக் கொடுத்து, வேலை நாட்களில் இணைப்பைத் துண்டித்துக் கேபிளை இறக்கி வைத்தோம். பக்கத்து வீட்டு ஆயாவிடம் போய்ச் சொல்லி, சுவரை நாலு பக்கமும் படம் எடுத்துக்கொண்டேன். "பழைய விரிசல் அதோ இருக்கு, அதையும் எடுத்துக்கோ தம்பி" என்று அவரே காட்டினார். குருக்கள் மரத்துக்கு மஞ்சள் குங்குமம் வைத்து, சூடம் காட்டி, மன்னிப்புக் கேட்டுக்கொண்ட பிறகுதான் முதல் கயிறு மேலே போனது.

தரைப் பாதுகாப்புக்கு வருவோம். முற்றத்தில் இருப்பது 60 மி.மீ. தடிப்புப் பேவர் கல், அடியில் மணல் படுகை. பரவலான சுமையை அது நன்றாகத் தாங்கும், கார் ஏறினாலும் ஒன்றும் ஆகாது. கட்டையின் விளிம்பு ஒரு புள்ளியில் குத்துவதைத்தான் தாங்காது. 9 மீட்டர் உயரத்திலிருந்து விழும் கட்டை மணிக்கு 48 கி.மீ. வேகத்தில் தரையைத் தொடுகிறது. எடையைக் கணிக்க, முதலில் இறங்கிய ஒரு துண்டை மடப்பள்ளித் தராசில் வைத்தோம். 38 செ.மீ. விட்டம், 30 செ.மீ. நீளம், 27 கிலோ. அதை வைத்து மற்ற எல்லாத் துண்டுக்கும் கணக்குப் போட்டேன்.

முதலில் 21 மி.மீ. ஷட்டர்பிளை (கான்கிரீட் வார்ப்புக்கு அடைக்கும் ஒட்டுப்பலகை) மூன்றை விரித்து, அதன் மேல் டயர் கடையில் இலவசமாகக் கிடைத்த பழைய டயர்களை அடுக்கினோம். இது சரிப்படவில்லை. ஒரு கட்டை டயர் விளிம்பில் பட்டு எகிறி, பலகையைத் தாண்டிப் போய் வெறும் கல்லில் குத்தியது. ஆறு கல்லும் அந்த ஒரே அடியில் போனவை. டயர் அடியை வாங்கிக்கொள்ளாது, திருப்பிக் கொடுக்கும். எந்தப் பக்கம் கொடுக்கும் என்றும் சொல்ல முடியாது. யாராவது பக்கத்தில் நின்றிருந்தால் முழங்கால் போயிருக்கும்.

உடனே டயரையெல்லாம் எடுத்துவிட்டு, அதுவரை இறக்கிய சிறு கிளைகளைப் பலகையின் மேல் குறுக்கும் நெடுக்குமாகப் போட்டோம். முழங்காலுக்கு மேல் உயரம் வரும்வரை. அடுத்த கட்டை அதில் விழுந்தபோது 'மொறமொற' என்று சத்தம், அப்படியே உள்ளே அமுங்கி நின்றுவிட்டது. உருளவில்லை, எகிறவில்லை. கிளைகள் நொறுங்கும்போது அடியின் வேகத்தை அவை தின்றுவிடுகின்றன. பத்துப் பன்னிரண்டு துண்டுக்கு ஒரு முறை நசுங்கியதைக் கிளறிப் புதுக் கிளை போட வேண்டும், அவ்வளவுதான். மரமே கொடுத்த மெத்தை, காசு கிடையாது. கிளைகளை வெட்டி வெட்டி வண்டியில் ஏற்றி அனுப்பிவிடும் அவசரம் நிறையப் பேருக்கு இருக்கிறது. கடைசிக் கட்டை இறங்கும்வரை ஒரு கிளையையும் வெளியே விடாதீர்கள்.

கயிற்று வேலையில் நான் கற்றது நிறைய. ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் நீல நிற பாலிபுரொப்பிலீன் கயிறு இதற்கு உதவாது. உராய்ந்து சூடானால் உருகும். அவர் கொண்டு வந்தது 14 மி.மீ. இரட்டைப் பின்னல் பாலியெஸ்டர். அட்டையில் போட்டிருக்கும் முறிவு பலத்தில் பத்தில் ஒரு பங்குதான் வேலைச் சுமை என்று கணக்கு. உச்சிக்கவையில் கப்பியைக் கட்டி, கயிற்றைக் கீழே அடிமரத்தில் மூன்று சுற்றுச் சுற்றினோம். அந்த மூன்று சுற்று இருந்தால் ஒரே ஆள் நூறு கிலோவை நின்ற இடத்தில் நிறுத்தலாம். ஆனால் கப்பி கட்டிய இடத்தில் ஏறக்குறைய இரண்டு மடங்கு சுமை விழும். கட்டை ஒரு பக்கம் இழுக்கிறது, பிடிப்பவர் மறுபக்கம் இழுக்கிறார். பட்டுப்போன கவையில் கப்பி கட்டக்கூடாது என்று அவர் தட்டித் தட்டிப் பார்த்தது இதனால்தான். கீழே கயிறு பிடிப்பவர் கையுறை போட வேண்டும். கையில் கயிற்றைச் சுற்றிக்கொள்ளவே கூடாது.

கூரைக்கு மேல் நீட்டிக்கொண்டிருந்த ஐந்தரை மீட்டர் கிளைதான் இந்த வேலையின் உயிர்நாடி. அடியில் 22 செ.மீ. விட்டம், சிறு கிளையோடு நூறு கிலோவை ஒட்டி வரும். பழக்கமில்லாதவர்கள் கிளையின் அடிப்பக்கம் கயிறு கட்டுவார்கள். அறுத்தவுடன் நுனி தொங்கித் தகட்டில் அடிக்கும். இவர் நுனிப் பக்கம், நீளத்தில் மூன்றில் இரண்டு பங்கு தள்ளிக் கட்டினார். அதற்கு மேலே உயரமான கவையில் கப்பி. அடிப்பக்கத்தில் இன்னொரு மெல்லிய கயிறு, வடக்கே நின்ற உதவியாளர் கையில். கீழ்ப்பக்கம் முதலில் கால்வாசி அறுத்து, பிறகு மேலிருந்து மெதுவாக. கிளை பிரிந்ததும் அடிப்பக்கம் தாழ்ந்து மரத்தை நோக்கி வந்தது, நுனி மேலே நிமிர்ந்தது. "இமா!" என்றார் மேலிருந்து. கயிற்றை நிறுத்தினோம். கிளை கூரைக்கு ஒரு கை உயரத்தில் செங்குத்தாகத் தொங்கியது. உதவியாளர் அதை வடக்கே இழுத்துத் திருப்பினார், "யெஹ்லிசா" என்றதும் விட்டு விட்டு இறக்கினோம். 'நில்', 'இறக்கு' என்ற இந்த இரண்டு ஜூலுச் சொல்லைத் தவிர வேறு எதுவும் யாரும் பேசக்கூடாது என்று முன்பே முடிவு செய்திருந்தோம். ஒரே நேரத்தில் நாலு பேர் யோசனை சொன்னால் கயிறு பிடிப்பவர் குழம்பிவிடுவார்.

கிளையெல்லாம் போன பின் நின்ற தண்டுக்கு மேலே கப்பி கட்ட இடம் இல்லை. வெட்டும் துண்டு கப்பிக்குக் கீழே போய் விழுந்தால் கயிறு வெட்டென்று இழுக்கும், மரமே ஆடும், மேலே இருப்பவரும் ஆடுவார். எனவே கயிற்றை விட்டுவிட்டு, 30 செ.மீ. வில்லை வில்லையாக அறுத்துக் கையால் வடக்குப் பக்க மெத்தையில் தள்ளினார். நேரம் பிடித்தது, ஆனால் ஒன்றும் தவறவில்லை. நடுவில் ஒரு நாள் பத்து மணிக்கே தென்மேற்கில் கறுத்துக்கொண்டு வந்தது. அவர் வாயைத் திறக்காமல் இறங்கிவிட்டார், கொஞ்ச நேரத்தில் தகடெல்லாம் தடதடக்கிற காற்று.

அடியில் 4 மீட்டர் தண்டை மட்டும் விட்டு, அதை வடக்கு மண்ணில் சாய்ப்பது என்பது என் திட்டம். சாய்ப்பதற்கு முன் மடப்பள்ளிக்குப் பக்கத்துச் சாக்கடை ஆள்துளை மூடியையும் வாசல் பக்கத்து மூடியையும் நூல் பிடித்துப் பார்த்தேன். கோடு நேராக அந்த மண் பட்டை வழியாகப் போனது. கம்பியால் குத்திப் பார்த்தால் 45 செ.மீ. ஆழத்தில் குழாய் தட்டுப்பட்டது, பழைய சுட்ட மண் குழாய். தண்டு சராசரி 60 செ.மீ. விட்டம், 4 மீட்டர் என்றால் 900 கிலோ. அது மொத்தமாக விழுந்தால் அந்தக் குழாய் நிற்காது. தரைக்கு மேலே தெரிகிற பொருளையே பார்த்துக்கொண்டிருந்தால் இது விட்டுப்போகும். மரம் வெட்டுகிற யாரும் சாக்கடைக் குழாய், தண்ணீர்க் குழாய் எங்கே ஓடுகிறது என்று முதலிலேயே பார்த்துக்கொள்ள வேண்டும்.

திட்டத்தை மாற்றி, மேலும் வில்லைகளாக அறுத்து 1.8 மீட்டர் மட்டும் விட்டோம். இந்தக் கீழ்ப்பகுதியில் அறுத்தது எங்களுடைய ஸ்டில் எம்.எஸ். 250 செயின்சா. ஏறக்குறைய ஆள் உயரத்தில் திடீரென்று பொறி பறந்தது. திருவிழாவுக்குச் சீரியல் பல்பு கட்ட எந்தக் காலத்திலோ அடித்த ஆணி, மரம் அதை விழுங்கி வளர்ந்திருக்கிறது. அறுத்த முகத்தில் ஆணியைச் சுற்றிக் கருநீலக் கறை. சங்கிலியின் பற்கள் போயே போய்விட்டன, 4.8 மி.மீ. அரத்தால் தீட்டியும் ஒரு பக்கம் இழுத்தது. மாற்றுச் சங்கிலி வாங்கி வைத்திருந்தது காப்பாற்றியது. கோயில் மரம், கொடிக்கயிறு கட்டின மரம் எதுவானாலும் ஆள் உயரம் வரை ஆணி இருக்கும் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

கடைசித் துண்டுக்கு வடக்கே பார்த்து வாய் வெட்டு, அதாவது சாயும் பக்கம் ஆப்பு வடிவப் பள்ளம், விட்டத்தில் கால்வாசி ஆழம். பின் வெட்டு எதிர்ப்பக்கம், நடுவில் அறுக்காமல் விட்ட 6 செ.மீ. மரம் கீலாக மிச்சம். இரண்டு பிளாஸ்டிக் ஆப்பு. மேல் முனையில் கட்டிய கயிறு கை வின்ச்சில். கிளை மெத்தை அரை மீட்டருக்கு மேல். கீல் மெதுவாக மடங்க, தண்டு 'தொம்' என்று உட்கார்ந்தது. மடப்பள்ளித் தொட்டியில் ஒரு வாளி மஞ்சள் தண்ணீர் ஊற்றி, கீழ்ப்பக்க மூடியைத் திறந்து பார்த்தேன். மஞ்சள் அப்படியே வந்து சேர்ந்தது, குழாய்க்கு ஒன்றும் இல்லை.

மலைவேம்பு வெட்டினாலும் அடியிலும் வேரிலும் துளிர்க்கும். அதனால் வெட்டிய கையோடு பட்டைக்கு உட்புற வளையத்தில் டிரைக்ளோபைர் களைக்கொல்லியைத் தூரிகையால் பூசினோம், லேபிளில் சொன்ன அளவுக்கு. அப்புறம்தான் கட்டை அரைக்கும் இயந்திரம் வந்து 25 செ.மீ. ஆழம்வரை அரைத்தது. விறகு கேட்டு வந்தவர்களுக்குக் கொடுக்கும் முன் பட்டையில் ஊசித்துளை இருக்கிறதா என்று பார்த்தோம். 2017இல் பீட்டர்மாரிட்ஸ்பர்க் தாவரவியல் பூங்காவில் கண்டுபிடிக்கப்பட்ட, 2 மி.மீ. நீளமே உள்ள துளைப்பான் வண்டு இப்போது நாடு முழுக்கப் பரவிக்கொண்டிருக்கிறது. அது பரவுவதற்கு விறகு வண்டி நல்ல வழி. எங்கள் கட்டையில் துளை இல்லை.

செலவு: ஏறுபவருக்கும் உதவியாளருக்கும் 7,600 ராண்ட். ஷட்டர்பிளை 2,340. சங்கிலி, எண்ணெய், பெட்ரோல் 940. வின்ச் வாடகை 350. பிக்கப் வண்டியில் ஏற்றித் தோட்டக் குப்பை போடும் இடத்துக்குக் கொண்டுபோனது 1,200. கட்டை அரைத்தது 1,900. மொத்தம் 14,330. காப்பீட்டோடு சொன்னவரைவிட 2,170 ராண்ட்தான் மிச்சம். அந்தக் காசுக்காக இவ்வளவு பாடு படத் தேவையில்லை. எந்தத் துண்டு எப்போது, எங்கே இறங்க வேண்டும் என்பது எங்கள் கையில் இருந்ததே, அதற்காகப் படலாம்.

வேர் தூக்கிய பகுதியில் கல் 45 மி.மீ. மேலே எழும்பியிருந்தது. கற்களைப் பெயர்த்து, 9 செ.மீ. தடிப்பு வேரை வெட்டி எடுத்தோம். ஆனால் உடனே திரும்பப் பதிக்கவில்லை. மண்ணுக்குள் மிச்சமிருக்கும் வேர் மக்கும்போது வெற்றிடம் விழும், மேலே உள்ள கல் இறங்கும். கோடை மழை ஒரு முறை நனைத்து மண் அமர்ந்த பிறகு, மணல் நிரப்பித் தட்டிவிட்டுப் பதிக்கலாம் என்று கற்களைச் சுவரோரம் அடுக்கி வைத்திருக்கிறோம்.

அடுக்கி வைக்கும்போதுதான் தோன்றியது. பேவர் கல் சிமெண்டால் ஒட்டியதல்ல; ஒரு கல்லை நெம்பி எடுத்துவிட்டால் மீதியெல்லாம் கையோடு வரும். சதுர மீட்டருக்கு ஐம்பது கல், இரண்டு பேர் ஒரு காலையில் பத்து சதுர மீட்டர் எடுத்து அடுக்கிவிடலாம். மரத்தைச் சுற்றி இரண்டு மீட்டர் அகலத்துக்குக் கல்லை முன்பே தூக்கியிருந்தால் அந்த 2,340 ராண்ட் பலகையில் பாதி தேவைப்பட்டிருக்காது. மண்டபத்துக்குப் பின்னால் நிற்கும் அவகாடோ மரத்துக்கு அடுத்த குளிர்காலத்தில் அதே இளைஞரைக் கேட்டு வைத்திருக்கிறோம். அவர் வருவதற்கு முன் கல்லைத் தூக்கி வைப்பதும், குழாய் ஓடும் கோட்டைச் சுண்ணாம்பால் போட்டு வைப்பதும் எங்கள் பங்கு.